பொதி எந்த வழியில் வர வேண்டும்?



வெளிநாட்டிலிருந்து இணையவழியில் பொருள் வாங்குவது இன்று கொழும்புக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. கண்டியிலும் அம்பிட்டியவிலும் தலாத்துஓயாவிலும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அபாயாவுக்கு லேஸ், தம்பிக்கு விளையாட்டுப் பொருள், உம்மாவுக்குச் சமையலறைச் சாமான், நமக்கு இங்கே கிடைக்காத ஒரு புத்தகம் என்று தேவைகள் பல. பொருளைத் தெரிவு செய்ய மணித்தியாலக் கணக்கில் நேரம் செலவிடுகிறோம். நிறம் பார்க்கிறோம், அளவு பார்க்கிறோம், முன்பு வாங்கியவர்கள் எழுதியதை வாசிக்கிறோம். ஆனால் கடைசியில் "அனுப்பும் முறை" என்று மூன்று நான்கு வரிகள் வரும்போது, யோசிக்காமல் ஆகக் குறைந்த கட்டணத்தில் விரலை வைத்துவிடுகிறோம்.

அந்த வரிகளில் கட்டணமும் நாட்களும் மட்டும்தான் எழுதியிருக்கும். பொதி நாட்டுக்குள் நுழையும் வாசலில் யார் நமக்காக நிற்பார், அங்கே எவ்வளவு செலவாகும், பொதி தொலைந்தால் யார் பொறுப்பு என்பவை அங்கே இருக்காது. உண்மையில் நமது பணமும் நேரமும் போவது அந்த வாசலில்தான். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கற்கும் மாணவி என்ற வகையில், இதை ஒரு பாடமாக எழுத முயல்கிறேன்.

அம்பிட்டிய வரை ஒரு பொதியின் பயணம்

1832 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரை அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. மலைநாட்டுக்குத் தபால் வரும் பாதை அவ்வளவு பழையது. இன்றும் கண்டிக்குத் துறைமுகமோ சர்வதேச விமான நிலையமோ இல்லை. ஆகவே நமக்கு வரும் வெளிநாட்டுப் பொதி பெரும்பாலும் கட்டுநாயக்க வழியாகவோ கொழும்புத் துறைமுகம் வழியாகவோதான் நாட்டுக்குள் வருகிறது. அங்கே சுங்கம் பார்க்கிறது. தபாலில் வந்தது என்றால் கொழும்பு 10 இல் உள்ள மத்திய தபால் பரிமாற்றகம், கண்டி, அம்பிட்டிய தபாலகம் என்று கைமாறித் தபால்காரரின் பையில் ஏறி நமது வீட்டுக்கு வருகிறது.

வானத்தில் விமானம் பறக்கும் நேரம் சில மணித்தியாலங்களே. மீதி நாட்கள் எல்லாம் களஞ்சியத்திலும் சுங்கத்திலும் வரிசையில் காத்திருப்பதில் கழிகின்றன. 1969 இல் தொடங்கிய டீஎச்எல் நிறுவனத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதை ஆரம்பித்த மூவர் முதலில் கொண்டுசென்றவை பொருட்களே அல்ல. கப்பலில் வரும் சரக்குகளின் ஆவணங்களை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலுவுக்கு விமானத்தில் கொண்டுசென்றார்கள். கப்பல் கரைக்கு வருமுன்பே சுங்க வேலை முடிந்துவிட்டது. ஆவணம் ஆயத்தமாக இருந்தால் சரக்கு காத்திருக்க வேண்டியதில்லை. கூரியருக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்கானது.

மூன்று வழிகள்

முதலாவது தபால். 1874 இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் சர்வதேச தபால் ஒன்றியம் உருவானது. அதை நினைவுகூர்ந்தே ஒக்டோபர் 9 ஆம் திகதி உலக தபால் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு நாட்டில் ஒட்டிய முத்திரை மற்ற நாட்டிலும் செல்லுபடியாவது இந்த ஒன்றியத்தின் ஏற்பாட்டினால்தான். இரண்டு கிலோகிராம் வரையான சிறு பொதி, அதைவிடப் பெரிய தபால் பார்சல், ஈஎம்எஸ் எனப்படும் விரைவுத் தபால் என இதில் பல வகைகள் உள்ளன. கட்டணம் குறைவு. நாட்களை உறுதியாகச் சொல்ல முடியாது.

தபால் ஏன் இவ்வளவு மலிவு? பொதியைப் பெறும் நாடு செய்யும் விநியோக வேலைக்கு, அனுப்பும் நாடு ஒரு கட்டணம் கொடுக்கும். அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளுக்கு அது குறைவாக வைக்கப்பட்டிருந்தது. சீனாவிலிருந்து வரும் சிறு பொதிகளால் தனக்கு நட்டம் என்று ஐக்கிய அமெரிக்கா முறையிட்டு, ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாகவும் சொன்னது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடிய விசேட மாநாட்டில் விதிகள் மாற்றப்பட்டன. போன வருடம் இருந்த கட்டணம் இந்த வருடமும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இரண்டாவது கூரியர். டீஎச்எல், பெடெக்ஸ், யூபிஎஸ், அரமெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அனுப்புபவரின் கதவிலிருந்து நமது கதவு வரை ஒரே கையில் கொண்டுவருகின்றன. சுங்க ஆவணங்களையும் தாமே சமர்ப்பிக்கின்றன. சில நாட்களில் வந்துவிடும். ஆனால் கட்டணம் அதிகம். வரியை நமக்காக முன்கூட்டிச் செலுத்தியதற்கு ஒரு சேவைக் கட்டணமும் கேட்கக்கூடும்.

மூன்றாவது கடல்வழிச் சரக்கு. டுபாயிலோ டோஹாவிலோ வேலை செய்யும் உறவினர்கள் பெரிய பெட்டிகளில் சாமான் அனுப்புவது நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமானது. பாரமான, அவசரமில்லாத, உடையாத பொருட்களுக்கு இதுவே ஏற்றது. வாரக் கணக்கில் ஆகும். கடலின் ஆபத்தும் உண்டு. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பற்றியதை நாம் மறக்கவில்லை. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக் அமிலம் கசிந்த ஒரு கொள்கலனை இறக்க இரண்டு துறைமுகங்கள் மறுத்திருந்தன. ஒருவருடைய ஆபத்தான சரக்கினால் அதே கப்பலில் இருந்த மற்றவர்களின் சரக்கும் அழிந்தது, நமது கடலும் பாழானது. அதே ஆண்டு மார்ச் மாதம் எவர் கிவன் கப்பல் சுயஸ் கால்வாயில் ஆறு நாட்கள் சிக்கியது. 2023 இன் இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. லண்டனில் உள்ள மாமி பெட்டி அனுப்புகிறார் என்றால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாரம் என்றால் எந்தப் பாரம்?

கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி விமானத்தில் பிடிக்கும் இடத்தையும் பாரமாக மாற்றுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பெரிய கூரியர் நிறுவனங்களின் வழமை. தராசுப் பாரம், கனவளவுப் பாரம் என்ற இரண்டில் எது கூடவோ அதற்கே கட்டணம்.

ஒரு பெட்டி 40, 30, 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 36,000. 5000 ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருக்கும் துணி 2 கிலோதான் என்றாலும் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே துணியை அமுக்கி 30, 25, 16 சென்ரிமீற்றர் பெட்டியில் வைத்தால் 12,000. அது 2.4 கிலோ. பொருளும் அதே, நிறுவனமும் அதே. "பெரிய பெட்டி வேண்டாம், அமுக்கிப் பொதி செய்யுங்கள்" என்று விற்பவருக்கு எழுதும் ஒரு வரி, கட்டணம் கணக்கிடப்படும் பாரத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைத்துவிடும்.

வாசலில் செலவாகும் பணம்

இறக்குமதி வரி பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. விலை, காப்புறுதி, அனுப்பும் கட்டணம் மூன்றையும் கூட்டிய தொகையே அடிப்படை. அதன்மேல் சுங்கத் தீர்வையும் பொருளுக்கேற்ப வேறு அறவீடுகளும் வரலாம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். ஆகவே விலையுயர்ந்த வழியைத் தெரிவு செய்தால், கட்டணம் கூடுவதோடு அந்தக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேரிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக எல்லா வரிகளும் சேர்ந்து 40 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்மை வீதம் பொருளுக்குப் பொருள் மாறும். லேஸின் விலை 10,000 ரூபா. தபால் கட்டணம் 1,500 ரூபா. கூட்டினால் 11,500. வரி 4,600. மொத்தம் 16,100 ரூபா.

அதே லேஸ் கூரியரில் வந்தால் கட்டணம் 6,000 ரூபா என்க. கூட்டினால் 16,000. வரி 6,400. நிறுவனத்தின் சேவைக் கட்டணம் 2,000. மொத்தம் 24,400 ரூபா.

திரையில் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் 4,500 ரூபா. வீட்டுக்கு வந்தபோது 8,300 ரூபா. இந்த இரண்டாவது வித்தியாசத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளிநாட்டு விற்பனையாளர் சிலர் "வரி செலுத்தப்பட்டு ஒப்படைக்கப்படும்" என்று எழுதுவார்கள். வேறு சிலர் வரியை வாங்குபவர் கட்ட வேண்டும் என்பார்கள். எது என்று வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. முன்னையதில் விலை கூடத் தெரிந்தாலும் பிறகு எதிர்பாராத செலவு வராது.

நாட்காட்டியும் பார்க்க வேண்டும்

அப்படியென்றால் எப்போதும் தபாலே நல்லதா? இல்லை. எங்கள் சாச்சி வீட்டில் அபாயா தைத்து விற்கிறார். ஒரு வருடம் நோன்புப் பெருநாளுக்குத் தைத்துக் கொடுப்பதாக எட்டுப் பேரிடம் முற்பணம் வாங்கியிருந்தார். லேஸை ஆக மலிவான வழியில் வரவழைத்தார். பெருநாள் முடிந்து ஆறாவது நாள் பொதி வந்தது. லேஸில் ஒரு குறையுமில்லை. ஆனால் எட்டு முற்பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதம் மச்சானின் டியூஷன் கட்டணம் அந்தத் தையல் பணத்திலிருந்துதான் வர இருந்தது.

அடுத்த வருடம் என்னிடம் கேட்டார்: "மகள், லேஸ் நோன்புக்குள்ள வர வேணும், ஆனா கூரியருக்குக் குடுக்க அவ்வளவு காசும் இல்ல. என்ன செய்யலாம்?" இருவரும் இருந்து கணக்குப் போட்டோம். முற்பணம் தந்தவர்களின் அபாயாக்களுக்குத் தேவையான லேஸை மட்டும் கூரியரில் எடுத்தார். பெருநாளுக்குப் பிறகு தைக்கப் போகும் மீதியைத் தபாலில் எடுத்தார். அவசரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கூடுதல் பணம் கொடுத்தார். எட்டுப் பேரும் பெருநாளன்று புது அபாயா உடுத்தார்கள்.

திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை. தேவைப்படும் நாள், தைக்கவோ பொருத்தவோ ஆகும் நாட்கள், சுங்கத்தில் தாமதிக்கக்கூடிய நாட்கள், பயண நாட்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் எப்போது ஓடர் செய்ய வேண்டும் என்பது தெரியும். இன்னொன்றும் உண்டு. ரமழான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் அங்கே தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன. 2026 இல் சீனப் புத்தாண்டு பெப்ரவரி 17 ஆம் திகதி. ரமழானும் அதே வாரத்தில் தொடங்கியது. நோன்பு தொடங்கிய பிறகு ஓடர் செய்யலாம் என்று இருப்பவர்களுக்கு இப்படியான வருடம் கடினமானது. நவம்பர் 11 ஆம் திகதி நடக்கும் பெரிய மலிவு விற்பனைக்குப் பிறகும் பொதிகள் குவிந்து தாமதமாகும்.

விமானத்தில் ஏறாதவை, நாட்டுக்குள் வராதவை

2010 செப்டெம்பர் 3 ஆம் திகதி டுபாயில் ஒரு யூபிஎஸ் சரக்கு விமானம் விழுந்து விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். சரக்கில் இருந்த லித்தியம் பற்றரிகள் தீப்பற்றியதோடு அந்த விபத்து தொடர்புபடுத்தப்பட்டது. 2016 ஏப்ரல் முதல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது தடைசெய்யப்பட்டது. பவர் பேங்க் ஒன்றை விமானத் தபாலில் எதிர்பார்ப்பது ஏன் சிரமம் என்பது இப்போது விளங்கும். அற்ககோல் கலந்த வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் கூடத் தீப்பற்றும் பொருட்களே.

இன்னும் சில பொருட்களுக்கு வழி எதுவானாலும் அனுமதி வேண்டும். மருந்துகளுக்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும், தொடர்பாடல் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. பூச்செடி விதை ஒரு சிறு உறைதானே என்று நினைக்கக்கூடாது. தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் உண்டு. பேராதனைப் பூங்காவுக்கு அருகில் வாழும் நாம், ஒரு வெளிநாட்டு நோய் நமது தோட்டங்களுக்குள் வந்தால் என்னவாகும் என்று யோசிக்க வேண்டும். நாட்டின் கட்டுப்பாடுகளும் மாறிக்கொண்டிருப்பவை. 2022 ஓகஸ்டில் டொலர் தட்டுப்பாட்டினால் முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது நினைவிருக்கும்.

பொதி எண்ணை வாசிப்போம்

பதிவுத் தபாலில் வரும் பொதிக்கு 13 எழுத்துகள் கொண்ட எண் ஒன்று இருக்கும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், பின்னால் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். முதலெழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சீ என்றால் பார்சல், ஈ என்றால் விரைவுத் தபால். யூ என்றால் பெரும்பாலும் வழியில் பின்தொடர முடியாத சாதாரணப் பொதி. கடைசி எழுத்துகள் எல்கே என்றால் இலங்கை, சீஎன் என்றால் சீனா, எஸ்ஜீ என்றால் சிங்கப்பூர். எந்த நாட்டின் தபால் பொதியை ஏற்றது என்பதை இது காட்டும்.

ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கானது. கொப்பியில் செய்து பாருங்கள். முதல் எட்டு இலக்கங்கள் 12345678 என்க. அவற்றை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்குங்கள். 8, 12, 12, 8, 15, 30, 63, 56 என்று வரும். கூட்டினால் 204. 11 ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து 6 ஐக் கழித்தால் 5. அதுவே ஒன்பதாவது இலக்கம். விடை 10 ஆக வந்தால் 0 என்றும், 11 ஆக வந்தால் 5 என்றும் எழுத வேண்டும். தபால் எண் என்று ஒருவர் தரும் எண்ணில் இது பொருந்தாவிட்டால் எழுத்துப் பிழையாகவோ போலியாகவோ இருக்கலாம். பொருந்திவிட்டது என்பதற்காக உண்மை என்றும் ஆகிவிடாது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. "உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, பணம் கட்ட இங்கே அழுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. திணைக்களமும் இதுபற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. அதில் வாப்பாவின் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தால், வராத பொதிக்காக மாதச் சம்பளமே போய்விடும். இணைப்பை அழுத்தாமல் தபாலகத்தில் நேரில் கேளுங்கள்.

பொய்யான பெறுமதி வேண்டாம்

"வரியைக் குறைக்கப் பரிசு என்று எழுதி அனுப்பவா?" என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். பெறுமதியைக் குறைத்து எழுதவும் ஆயத்தமாக இருப்பார்கள். சுங்கம் கண்டுபிடித்தால் பொருளையே இழக்கலாம். பொதி தொலைந்தால் நட்டஈடும் எழுதிய பெறுமதிக்கு மேல் கிடைக்காது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ஸூரா அல் முதப்பிபீனை ஓதுகிறவர்கள் நாம். பொருளின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வதும் நிறுவையைக் குறைப்பதும் தூரத்து உறவல்ல.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. இது எந்த நாளுக்குள் கையில் இருக்க வேண்டும்? அந்த நாள் தவறினால் இழப்பு என்ன?
2. விலை, கட்டணம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு?
3. பெட்டியின் கனவளவுப் பாரம் எவ்வளவு?
4. விமானத்தில் ஏற்றக்கூடிய பொருளா? நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி தேவையா?
5. வழி முழுவதும் பின்தொடர முடியுமா? தொலைந்தால் யார், எவ்வளவு தருவார்?
6. முகவரியில் சரியான தபால் குறியீடும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா? கண்டிக்கு 20000, அம்பிட்டியவுக்கு 20160.

மலிவான, தாமதித்தாலும் பரவாயில்லாத பொருளுக்குத் தபால் போதும். பெறுமதியானது என்றால் பதிவுத் தபாலோ விரைவுத் தபாலோ வேண்டும். நாள் தவறினால் பயனில்லாத பொருளுக்குக் கூரியர். பாரமாகவும் அவசரமில்லாமலும் இருப்பதற்குக் கப்பல். பொதி கைக்கு வருமுன் "கிடைத்துவிட்டது" என்று ஒருபோதும் அழுத்தாதீர்கள். திறக்கும்போது கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டை உங்களுடையது, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் பிள்ளைகள். அடுத்த முறை வீட்டில் யாராவது வெளிநாட்டுப் பொருள் ஒன்றை வாங்க நினைத்தால், அழுத்துவதற்கு முன் இந்த ஆறு கேள்விகளுக்கும் விடையை மகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.